அவரவர் பாறை

ஆய்வு நிலையக் குடியிருப்பு
ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். என் இருமல் என்னைவிடச் சௌக்கியம். உன் காதுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு முதுகு தேவலையா? போனில் பேசினால் நான் வேறு வேலை பார்த்துக்கொண்டே "ஆமா, ஆமா" போடுகிறேன் என்றும், இனி எழுதித்தான் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டாய். எழுதுகிறேன்.

செய்தி நல்லதில்லை. கடல் சூடாகி நம் விரிகுடாவின் பவளம் வெளுத்துப்போன பிறகு, எது பிழைத்தது என்று தேடித்தான் கோடையில் ஊருக்கு வந்தேன். எது பிழைத்ததோ அதுதான் சூட்டைத் தாங்கும் பவளம். அதில் விரல் நீளத் துண்டுகள் எடுத்துக் கட்டி வளர்த்தால் மற்ற இடங்களையும் மீட்கலாம். திட்டம் இவ்வளவுதான். இதை அறுபது பக்கத்துக்கு நீட்டினால்தான் மேலிடத்துக்குப் புரியும், நீட்டினேன்.

படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "எங்கே இன்னும் உயிர் இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டி விளக்குக் கம்பத்துக்கு நேராக வரும்வரை போ, பிறகு பள்ளிக்கூடக் கூரை தெரியும்வரை திரும்பு என்று அத்தனை நுணுக்கம். அதை வரைபடமாக்கினோம். பருவம் தவறக் கூடாது என்று எங்கள் இயக்குநர் அவசரப்பட்டதால், உயிர் உள்ள இடத்தில் இவையும் பிழைக்கும் என்று, ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்த்த துண்டுகளை இரும்புச் சட்டங்களில் கட்டி, இறங்கிப் பார்க்காமலே அந்த இடங்களில் இறக்கினோம். இப்போது ஆட்கள் முக்குளித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மணல். இன்னோர் இடத்தில் சேறு. நீ சொன்ன இடத்தில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, கதவு திறந்தபடி. எங்கள் துண்டுகள் சேறு மூடிச் செத்துக்கொண்டிருக்கின்றன.

நான் அறிக்கை தர வேண்டும். விரிகுடாவில் உயிருள்ள பவளம் இல்லை என்று அது சொன்னால், துறைமுகக்காரர்கள் கப்பல் வாய்க்காலை நடு விரிகுடாவில் தோண்டுவார்கள். உயிருள்ள பவளத்தைத் தோண்டத்தான் சட்டம் தடை. செத்ததற்குச் சட்டத்தில் இரங்கல்கூட இல்லை. தோண்டினால் கிளம்பும் சேற்றில் நீங்கள் முக்குளித்து எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சூடு எல்லாவற்றையும் கொன்றுவிட்டதா அக்கா?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


வீடு
ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

காது பரவாயில்லை. பிடிக்காத பேச்சு மட்டும் சரியாகக் கேட்கவில்லை. உன் அத்தான் முதுகைப் பற்றிக் கவலைப்படாதே. படகு என்ஜினைத் தூக்கச் சொன்னால்தான் அது வலிக்கும்.

செத்துப்போச்சு என்று எழுதாதே. கடல் செத்தால் எங்களுக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் தேடு. எங்கே தேட என்று என்னைக் கேட்காதே. படித்தவன் நீ.

முக்குளிக்கும் பெண்கள் சங்கத்துக்கு இந்த வருடமும் என்னையே தலைவி ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் சங்க மேசையின் சாய்ந்த காலுக்குப் பொறுப்பேற்கத் தயாரில்லை. நம் வீட்டுப் பூனைக்குத் திமிர் கூடிவிட்டது. நேற்று தூண்டிலில் மஞ்சளாய், கண் மேல் கறுப்புக் கோடு போட்ட வண்ணாத்தி மீன் ஒன்று தப்பி வந்து மாட்டியது. உள்ளங்கை அளவுதான், முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. பூனை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது, நீ சின்ன வயதில் தட்டைப் பார்ப்பதுபோல.

இருமலுக்கு வெந்நீர் குடி. அந்த அறையின் ஜன்னலைத் திற.

அக்கா


ஆய்வு நிலையக் குடியிருப்பு
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னலைத் திறந்தேன். இயக்குநரின் கார் தெரிகிறது. மூடிவிட்டேன். மற்றபடி நலம். உங்கள் இருவர் நலத்தையும், பூனையின் நலத்தையும் எழுது.

அந்த மீனை எங்கே பிடித்தாய்?

கண் மேல் கறுப்புக் கோடு போட்ட அந்த மஞ்சள் வண்ணாத்தி, உயிருள்ள பவளத்தைக் கொத்தித் தின்பதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாத மீன். பவளம் செத்தால் அதுவும் சாகும், இல்லையேல் போய்விடும். உன் பூனை வேண்டாம் என்று ஒதுக்கியது என் ஆறுமாத ஆராய்ச்சி முடிவு பொய் என்பதற்கான ஆதாரத்தை.

மேசை முன்னால் உட்கார்ந்து மெதுவாக யோசித்தேன். அப்பா எங்கே மீன் பிடித்தார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. கரையில் நிற்பவர் "எங்கே கிடைச்சது?" என்று கேட்டால், நம் ஊரில் மரியாதையான பதில் ஒரு கல்லெறி தூரம் தள்ளி இருக்கும் இன்னோர் இடம். கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும். கேட்டவருக்குத் தெரியும் என்பது சொன்னவருக்கும் தெரியும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வளர்ந்தவன் நான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டேன். எனக்குப் பதிலாக அட்டை நம்பிவிட்டது. உங்கள் பொய்களையெல்லாம் அட்சரேகை தீர்க்கரேகை போட்டுத் துல்லியமாக்கியிருக்கிறேன். அதற்குப் பெயர் 'உள்ளூர் அறிவு', மூன்றாம் அத்தியாயம்.

உண்மையான இடத்தைச் சொல். அறிக்கை இம்மாதக் கடைசியில் போகிறது.

தம்பி


வீடு
பிப்ரவரி 27

தம்பிக்கு,

எல்லோரும் நலம்.

நீ இங்கே வந்தபோது ரேடியோ சித்தப்பா உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், இந்தப் படத்தை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று. வாயைத் திறக்காததற்காகவே ரேடியோ என்று பெயர் வாங்கினவர் கேட்கிறாரே என்று நீ கொஞ்சம் யோசித்திருக்கலாம். "யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதுதான் இதன் சிறப்பு" என்றாயாம். முன்னே ஒரு தடவை உங்கள் நிலையம் இறால் கிடைக்கும் இடம் என்று படம் போட்டது. அடுத்த பருவத்தில் பெயர் தெரியாத ஊர்களின் படகெல்லாம் வந்து அடிமண்வரை வாரிக்கொண்டு போனது. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய்.

இடம் என்னுடையது மட்டும் என்றால் சொல்வேன். மற்றவர்கள் இடம் எனக்குத் தெரியாது. ஒரு வீட்டு இடத்தைச் சொன்னால் மீதி வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உன் அத்தானிடமே நான் சொன்னதில்லை. அவரும் என்னிடம் சொன்னதில்லை. இத்தனை வருடம் நன்றாகத்தானே குடும்பம் நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆய்வு நிலையக் குடியிருப்பு
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நன்றாக இருப்பாய் என்று நம்பி மேலே போகிறேன்.

அறிக்கை போய்விட்டது. நான் எழுதவில்லை. நான் தாமதம் செய்கிறேன் என்று இயக்குநரே எழுதி, என் பெயரை முதலில் போட்டு, என்னிடம் கையெழுத்துக்கு அனுப்பினார். "ஒரு மீனை வெச்சு நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. ஊரே ஒரு குரல்ல சொல்லியிருக்கு. மக்களோட குரலை நாம மதிக்கணும்" என்றார். மக்களை அவர் மதித்து நான் பார்த்தது இது முதல் தடவை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பரவாயில்லை, பெயர் இருக்கிறதே என்றார்.

ஏப்ரல் கடைசியில் உங்கள் ஊரிலேயே பொது விசாரணை. நீங்கள் சொன்ன இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக உங்கள் முன் படித்துக்காட்டி, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிப்பார்கள். ஊர் வாக்கை வைத்தே வாய்க்கால் வெட்டப்போகிறார்கள். உங்கள் படம் வெளியே போகாது என்று என்னால் உறுதி தர முடியாது அக்கா. படமே போடாமல் இருந்தால் பாறையே இருக்காது என்று மட்டும் உறுதி தர முடியும்.

முடிவு உங்களுடையது. இதற்குமேல் கெஞ்ச மாட்டேன்.

தம்பி


வீடு
மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் சௌக்கியம் என்று சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐஸ் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினேன். உன் கடிதத்தைப் படித்தேன். எவராவது ஆரம்பிக்க வேண்டும், மேசைக்காலே என் பொறுப்பு, இதுவும் என் பொறுப்புதான் என்று எழுந்து நின்றேன். "தண்ணீத் தொட்டி கம்பத்துக்கு ரெண்டு கை வலப்பக்கம். பள்ளிக்கூடக் கூரை மறையற இடம். அங்க ஒரு பாறை. அதான் எங்க இடம்" என்றேன்.

உன் அத்தான் எழுந்தார். முகம் செங்கல் மாதிரி இருந்தது. "அது என் இடம்" என்றார்.

"உங்க இடமா? எப்போலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து. நீ எப்ப அங்க போற?"

"நீங்க என்ஜின் வேலைக்குப் போற நாள்ல."

"நான் எந்த என்ஜின் வேலைக்குப் போனேன்? அங்கதான் போனேன்!"

அதற்குள் பின்வரிசையிலிருந்து என்னோடு முக்குளிக்கும் மூச்சு (நீருக்கடியில் மூச்சையும் கரையில் ரகசியத்தையும் அவளளவு அடக்குபவர் இல்லை, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்) கை தூக்கினாள். "அக்கா, சாரி. எங்க மாமனார் எனக்குக் காட்டினதும் அதே பாறைதான்." ரேடியோ சித்தப்பா எழுந்து போய்ச் சுவரில் கரித்துண்டால் அந்தப் பாறையை வரைந்தார், கிழக்கே உள்ள பிளவு உட்பட. அவ்வளவுதான், கொட்டகை முழுக்கக் கத்தல். நீ அவ்வளவு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டு எழுதினாயே, அத்தனை வீட்டுக்கும் ஒரே பாறை. ஒருவர் கடல் ஏற்றத்தில் போவாராம், ஒருவர் வற்றத்தில், ஒருவர் வெள்ளிக்கிழமையில். எதிரே படகு வந்தால் எல்லோரும் திசை மாற்றி வேறெங்கோ போவதுபோல் நடித்திருக்கிறோம். நடிக்கிறார்கள் என்று தெரியாமல் நாங்களும் நடித்திருக்கிறோம்.

உன் அத்தான் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. எனக்கும் பேச ஆசை இல்லை. நேற்று அவராகவே வந்து, "கூட வா, ஒரே படகுல போலாம், எண்ணெய் மிச்சம்" என்றார். போனோம். பாறை இருக்கிறது, தம்பி. பழுப்பும் ஊதாவுமாய், உன் கையளவு மீன்கள் ஆயிரமாய். எழுதிக்கொள். ஊரே சொல்கிறது, போடு உன் படத்தில்.

அக்கா


ஆய்வு நிலையக் குடியிருப்பு
ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் ஒரே படகில் போனீர்கள் என்று படித்ததும் இருமல் நின்றுவிட்டது. சிரித்ததில் மறுபடி வந்தது.

சித்தப்பா வரைந்த அந்தப் பிளவுதான் விஷயம். பழைய ஆழக் கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிளவு வழியாக வெளிக்கடலின் குளிர்ந்த நீர் ஏறுகிறது. சூடான வருடத்தில் அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது; அதே மாதிரிப் பிளவு உள்ள இன்னும் இரண்டு பாறைகள் செத்துவிட்டன. இதில் மட்டும் என்ன வித்தியாசம் என்று நேற்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். நங்கூரம். ரகசிய இடத்தில் எவனும் நங்கூரம் போட மாட்டான், நின்றால் தெரிந்துவிடும். வலை விரிக்க மாட்டான். வந்தோம், தூண்டில் போட்டோம், ஓடினோம். நீங்கள் ஒருவருக்கொருவர் சொன்ன பொய்தான் இத்தனை வருடம் அந்தப் பாறைக்கு வேலி. எங்கள் நிலையத்தின் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

இனி வேலி இல்லை. ஆகவே வளர்க்க வேண்டும், சீக்கிரம். அலை ஒடித்துக் கீழே கிடக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள், தாய்ப்பாறையில் கை வைக்காதீர்கள். இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் குழைத்து, வெளிச்சம் படும் பக்கமாக ஒட்டுங்கள். தண்ணீரின் சூடு பார்க்கும் கருவி நாலு அனுப்புகிறேன், நிலையத்துடையது இல்லை, என்னுடையது. அதோடு, அறிக்கை தவறு என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். விசாரணையில் அதைப் படிக்கச் சொல். நான் வரக் கூடாது என்று உத்தரவு.

தம்பி


வீடு
மே 2

அன்புள்ள தம்பிக்கு,

காது, முதுகு, பூனை எல்லாம் நலம். உன் சிமெண்ட் நலமில்லை. கெட்டியாவதற்குள் நீரோட்டம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. தூண்டில் கட்டும் நரம்பால் எங்கள் முடிச்சைப் போட்டோம், அசையவில்லை. ரொம்பச் சிரிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்லவேளை: வெயில் படாமல் இருக்கட்டும் என்று நான் நிழல் பக்கம் கட்டச்சொன்ன வரிசை முழுதும் செத்தது. நீ வெளிச்சம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆளுக்கொரு முட்டாள்தனம், கணக்குச் சரி.

விசாரணை நடந்தது. அதிகாரி முதலில் பழைய அறிக்கையைப் படித்தார். பிறகு உன் வாக்குமூலத்தைப் படித்தார். உன் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தியானம் மாதிரி.

அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, கோடையில ஒரு இடம் சொன்னீங்க. இப்ப வேற இடம் சொல்றீங்க. எது பொய்?" என்றார்.

"அப்ப சொன்னது பொய், ஐயா."

"அதிகாரப்பூர்வ ஆய்வுல பொய் சொன்னதா ஒத்துக்கறீங்களா?"

"ஊரே ஒத்துக்குது. நல்லாவே சொன்னோம். அதனாலதான் பாறை உயிரோட இருக்கு. நம்பலைன்னா வாங்க, இறங்கிப் பாக்கலாம். மூச்சு கூட்டிட்டுப் போவா."

மூச்சு எழுந்து நின்று புடவையைச் செருகினாள். அதிகாரிக்கு நீச்சல் தெரியாதாம். துறைமுகத்து என்ஜினியருக்கும் தெரியாதாம். கடலைத் தோண்ட நீச்சல் தேவையில்லை போலிருக்கிறது. கடைசியில் ஓர் ஆள் இறங்கிப் படம் எடுத்து வந்தான். முடிவு என்ன தெரியுமா? "பாறை இருப்பதை ஏற்கிறோம். வாய்க்காலைப் பாறையிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டலாம்." சற்றுத் தள்ளி வெட்டினால் சேறு சற்றுத் தள்ளியே நின்றுவிடுமா? புதுக் கோட்டில் ஆரஞ்சு நிறப் பந்துகளை மிதக்கவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்து அந்தப் பந்துகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். உயிருள்ள பவளம் இருக்கும் இடத்தில் தோண்டக் கூடாது என்கிறது சட்டம். அது அங்கே எப்போது வந்தது என்றும் கேட்குமா?

உன் கையெழுத்துக்கு அவர்கள் உன்னை என்ன செய்தார்கள்? மறைக்காமல் எழுது.

அக்கா


உள்நாட்டு மீன்குஞ்சுப் பண்ணை
ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். சாமான்களை மூட்டை கட்டியதில் உன் கடிதம் பாத்திரப் பெட்டிக்குள் போய்விட்டது. காற்று இங்கே உலர்ந்திருப்பதால் இருமல் சுத்தமாக இல்லை. நல்ல அமைதி. ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் தொட்டிகள். தண்ணீரில் உப்பில்லை, அவ்வளவுதான். அத்தானுக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம்.

சட்டத்தை முழுதும் படித்தேன், அடிக்குறிப்பு உட்பட. கேட்காது. இயற்கையாய் வந்ததா, கட்டி வைத்ததா, எத்தனை மாதமாக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள் இருப்பது தெரியாது.

பந்துகளின் அடியில் பவளம் கட்டுவது எரிச்சலூட்ட மட்டும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். பவளம் அங்கே பிழைக்க வேண்டும். ஆழப் படத்தைப் பார்த்தேன். பந்துக் கோட்டின் வடக்குப் பாதி சேறு, ஒன்றும் வளராது, விட்டுவிடுங்கள். தெற்குப் பாதி பாறைத்தளம். வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்க நீரோட்டம் உள்ள இடமாகத்தான் என்ஜினியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். பவளத்துக்கும் அதுதான் பிடிக்கும். திறமைசாலி. வெயில் தணியும்வரை காத்திருந்து இறக்குங்கள். வாரம் ஒருமுறை பாசியைத் தேய்த்தெடுக்காவிட்டால் எல்லாம் வீண். உங்கள் முடிச்சையே போடுங்கள்.

தம்பி


வீடு
செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம், கை மட்டும் எல்லோருக்கும் கிழிந்திருக்கிறது. கவரின் மேலிருந்த விலாசத்தைப் படித்தேன். நீ எழுதாததையும் படித்தேன். உன் அத்தான் படித்துவிட்டு, "பவளம் படிச்சவனைக் குளத்துல போட்டுட்டானுங்களே" என்று சொல்லி, அன்றைக்கு நாலு சட்டம் கூடுதலாக வெல்டிங் வைத்தார். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தெற்குப் பாதி முழுக்கக் கட்டிவிட்டோம். பந்துக்குப் பந்து ஒரு வீடு பொறுப்பு. யார் வீட்டு வரிசையில் பாசி அதிகம் என்று இப்போது சண்டை வேறு மாதிரிப் போகிறது. துண்டுகளின் நுனி வெள்ளையாய் முளைத்திருக்கிறது. பயந்துவிட்டேன், வெளுக்கிறதோ என்று. நீ அனுப்பின கருவியில் தண்ணீர் குளிர்ச்சிதான். மூச்சு தொட்டுப் பார்த்து, "வளருதுக்கா, பல்லு மாதிரி" என்றாள்.

போன வாரம் ஆணை வந்தது. இரும்புச் சட்டங்களை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே எடுப்பார்கள். மறுநாள் அதிகாரியும் என்ஜினியரும் படகில் வந்தார்கள்.

"யாரைக் கேட்டு இங்க வெச்சீங்க?" என்றார் அதிகாரி.

"நீங்கதானே பந்து போட்டு இடம் காட்டினீங்க" என்றாள் மூச்சு.

"இதெல்லாம் எடுத்துடுங்க."

நான் சொன்னேன்: "வளக்கறதுதான் எங்க வேலை. எடுக்கறது எங்க வேலை இல்லீங்க. நீங்க எடுங்க. ஆனா உயிரோட இருக்கற பவளத்தை நான்தான் எடுக்கச் சொல்றேன்னு ஒருத்தர் எழுதி, பேர் போட்டு, கையெழுத்துப் போடுங்க. நாங்களே படகு புடிச்சுக்கறோம், நீங்க அலையில ஆடாம எழுதலாம்."

அதிகாரி என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் படகோட்டியைப் பார்த்தார். "நான் படகு ஓட்ட மட்டும்தான் சார்" என்றான் அவன். மேலிடத்தில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். வரட்டும். எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டேன், ஒரு சட்டத்தை ஒரு கை தொடாது. வழக்குப் போட்டால் ஊர் முழுக்க வண்டி ஏறிப் போவோம். சித்தப்பா ஜன்னலோர இடம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் தோண்டும் கப்பல் வந்து கோட்டின் தெற்கு முனையைத் தாண்டி நங்கூரம் போட்டு நிற்கிறது. கையெழுத்து வரும்வரை அதற்கு வேலையில்லை. அதன் ஆட்கள் துணி காயப்போடுகிறார்கள், எங்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். இன்று காலை மூச்சு அதன் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல பாறைக்கா. ஓட்டமும் இருக்கு. சும்மாதானே கிடக்கு" என்றாள். அத்தான் புதுச் சட்டத்துக்குக் கம்பி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

கப்பலின் நிழல் பாதி நாள் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் வளரக்கூடிய பவளம் நம் பாறையில் எது என்று உடனே எழுது. தாமதிக்காதே, அது நகர்வதற்குள் கட்டி முடிக்க வேண்டும். உன் பண்ணைத் தண்ணீரில் கால் வைக்காதே, சளி பிடிக்கும்.

அக்கா